ஊர்க் குளக்கட்டும் மாரி வெள்ளமும்: எந்தக் கந்தோர், என்ன விதி, எப்போது செய்வது

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். தொண்டைமானாறு பெயரளவில்தான் ஆறு. உண்மையில் அது கடல்நீரேரி. ஆகவே ஐப்பசி முதல் மார்கழி வரை விழும் மழைக்கு ஊர்க் குளங்களும் வெள்ளவாய்க்கால்களும்தான் போக்கிடம். 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசம்பரில் புரெவியும் வந்தபோது தாழ்ந்த ஊர்களில் வெள்ளம் ஏறியது. இப்படி ஏறும் ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி, "இந்தக் கட்டு ஆருடைய பொறுப்பு?" என்பது.

200 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 80 ஹெக்டேயர் வரையான வயலுக்கு நீர் கொடுக்கும் குளம் சிறு குளம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அன்றாடப் பராமரிப்பு ஊரின் கமக்காரர் அமைப்பின் வேலை. பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். கோயில் கேணி பரிபாலன சபையிடம், வீதியோர வடிகால் பிரதேச சபையிடம். ஒரே வெள்ளத்துக்கு நான்கு கந்தோர் என்பதால்தான் முறைப்பாடு அலைகிறது. குளக்கட்டு, துருசு (நீர் திறந்துவிடும் மதகு), வான் (நிறைந்த குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் இடம்), அலைகரை (குளத்து நீர்ப்பரப்பின் ஓரம்) ஆகியவற்றைப் பற்றியதென்றால் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் கமநல சேவை நிலையம்.

கட்டு எப்படி வெள்ளத்தைத் தாங்குகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 50 ஏக்கர் நிலத்தின் நீர் ஒரு குளத்துக்கு வருகிறது என்று வையுங்கள். ஒரே நாளில் 4 அங்குல மழை, அதாவது 100 மில்லிமீற்றர், பெய்தால் விழுந்த நீர் ஏறக்குறைய 16 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி). பாதி நிலத்தில் ஊறிவிட்டாலும் 8 ஏக்கர் அடி குளத்துக்கு ஓடி வரும். குளத்தின் பரப்பு 4 ஏக்கர் என்றால், வான்மட்டத்துக்குக் கீழே 2 அடி வெறுமையாக இருந்தால்தான் அந்த நீர் முழுவதும் உள்ளே நிற்கும். ஏற்கெனவே விளிம்பு வரை நிறைந்த குளமோ வந்த நீரைச் சற்றுத் தாமதப்படுத்தி வானால் விடும், அவ்வளவுதான். வெள்ளத்தைத் தடுப்பது குளத்தில் நிற்கும் நீரல்ல, மிச்சமிருக்கும் வெற்றிடம்.

"தூர் வாரினால் வெள்ளம் வராது" என்ற நம்பிக்கை இதனால்தான் பாதி உண்மையாகிறது. அடியில் ஓர் அடி தோண்டினால் கோடைக்கு நீர் மிஞ்சும், கிணறுகளுக்கு ஊற்று வரும். ஆனால் கார்த்திகையில் அந்தக் குழி முதல் மழையிலேயே நிரம்பிவிடும். குடாநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளத்தின் அடியில் படிந்த களிப்படைதான் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. பெக்கோவால் அதை வெட்டி எடுத்தால் கீழே வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் வந்துவிடும். பிறகு மாரி முடிந்து சில வாரங்களில் குளம் காய்ந்துவிடும். கரையோர ஊர்களில் அளவுக்கு மீறித் தோண்டினால் உவர்நீர் மேலே வரும். வண்டல் எங்கே முடிந்து களி தொடங்குகிறது என்று நாலைந்து இடத்தில் கைக்குழி வெட்டிப் பார்த்துவிட்டே இயந்திரத்தை இறக்க வேண்டும். கட்டின் உள்ளடியை, அதாவது குளப்பக்க அடியை, ஒட்டித் தோண்டவே கூடாது. கட்டின் உயரத்தைப்போல் ஐந்து மடங்கு தூரமாவது விட்டுத் தோண்டுங்கள். வாரிய மண்ணை வெளியே கொண்டுபோவதற்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் பணியகத்தின் அனுமதி வேண்டும். கமக்காரர் அமைப்பின் தீர்மானம் மட்டும் டிப்பரை வீதியில் காப்பாற்றாது.

கட்டை இப்படிப் பாருங்கள்

சின்னக் குளத்துக்குக் கட்டின் முடி 8 முதல் 10 அடி அகலம் இருப்பது நல்லது. உட்சரிவு ஓர் அடி உயரத்துக்கு இரண்டரை அடி, வெளிச்சரிவு இரண்டு அடி. வான்மட்டத்துக்கு மேல் கட்டு குறைந்தது 3 அடி உயர்ந்து நிற்க வேண்டும். முடியை நூல் பிடித்துப் பாருங்கள். மாடும் உழவு இயந்திரமும் ஏறி இறங்கும் இடம் அரை அடி பதிந்திருந்தால் நீர் மேவிப் பாயப்போவது அந்த இடத்தால்தான். மண்கட்டு மேவினால், வெளிச்சரிவு அரித்து உடைய அதிக நேரம் எடுக்காது.

மற்ற எதிரி உள்ளே இருப்பது. எலிவளை, உடும்புப் பொந்து, கறையான் புற்று, பட்ட மரத்தின் உக்கிய வேர் எல்லாமே நீருக்கு வழி. துருசுக் குழாயை ஒட்டிய மண் சரியாக இறுகாவிட்டாலும் இதே கதைதான். கட்டில் நிற்கும் பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விடுவது, மரத்தை நிற்க விடுவதிலும் மோசம். கட்டுக்குப் புல்தான் போதும், வேலிக்கதியால்கூட நடவேண்டாம்.

பொந்தை மேலால் மண் போட்டு மூடினால் அடுத்த மாரிக்குத் திறந்துகொள்ளும். பொந்து போகும் திசையில் வெட்டித் திறந்து, பக்கங்களைப் படிபோல வெட்டி, புல்லையும் வேரையும் கழித்து, 6 அங்குலப் படையாக மண் போட்டு ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்க வேண்டும். மண்ணின் ஈரம் பார்ப்பது சுலபம்: கையால் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக்கூடாது. தனிச் செம்பாட்டு மண் நீரை விட்டுவிடும், களி கலக்க வேண்டும். கட்டிட இடிபாட்டுக் கல்லைக் கொண்டுவந்து கொட்டுவது உதவியல்ல, ஓட்டை.

வான் பற்றித்தான் ஊரில் அதிகச் சண்டை. சிறுபோகத்துக்கு நீர் வேண்டும் என்று வானில் மண்மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்துவார்கள். வானின் மேல் பாயும் நீரின் தடிப்பு ஓர் அடியிலிருந்து அரை அடியாகக் குறைந்தால், வெளியேறும் நீர் பாதியாகக் குறையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மையில் அது மூன்றிலொரு பங்களவுக்கு வந்துவிடும். மீதி உள்ளே ஏறிக் கட்டைத் தேடும். வானுக்குக் கீழேயுள்ள வாய்க்காலும் கட்டின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 10 அடி அகல வாய்க்காலின் குறுக்கே கேற் வாசலுக்கு 1 அடிக் குழாய் புதைத்து மூடிய ஒரு வீடே ஒழுங்கை முழுவதையும் நீரில் விடும்.

குளத்தின் ஒதுக்குப் பகுதியை அடைப்பது, கட்டை வெட்டுவது, நீரோட்டத்தை மறிப்பது கமநலச் சட்டத்தின் கீழ் குற்றங்கள். வயலை மண் போட்டு நிரப்பவும் கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். காணி வாங்கப் போகிறவர், உறுதி சரியாக இருந்தாலும், குளத்து எல்லையை ஒருமுறை கமநல நிலையத்தில் கேட்டுவிட்டுக் காசு கொடுப்பது புத்தி.

திருத்தம் கேட்பது

ஆவணியில் எழுதினால் மாரிக்கு முன் பொந்தாவது மூடப்படும். பெரிய திருத்தத்துக்கு முந்திய தையிலேயே கேட்க வேண்டும். ஏனென்றால் மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தம் எல்லாம் முடிந்து மண்வேலை காய்ந்த நிலத்தில் நடக்க வேண்டும். ஐப்பசியில் போட்ட புதுமண் இறுகாது, முதல் மழையோடு போய்விடும்.

கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் தீர்மானம் எடுத்துக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள். கடிதம் தமிழில் போதும், கமநல அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு முகவரியிடுங்கள். பிரதேச செயலாளருக்கும் கிராம அலுவலருக்கும் (இன்றும் பலருக்கு விதானையார்தான்) பிரதி. "குளம் பழுது" என்று எழுதினால் கடிதம் கோவைக்குள் உறங்கும். "துருசிலிருந்து வடக்கே 40 அடியில், வெளியடியில் கசிவு, 2 அடி அகலம்" என்று எழுதி, அளவுகோல் வைத்து எடுத்த படத்தையும் இணைத்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும்போது பார்க்க வேண்டியது தெரியும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். சிறு வேலைகளைக் கமக்காரர் அமைப்பே ஒப்பந்தமாக எடுத்துச் செய்யவும் வழியுண்டு. அதற்கு அமைப்பின் பதிவும் கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். பல ஊர்களில் தடக்குவது அங்கேதான்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. குளத்தின் எல்லை வரைபடம், கடைசித் திருத்தத்தின் மதிப்பீடு, அடுத்த ஒதுக்கீடு ஆகியவற்றைத் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும்.

கசிவு கண்ட இரவில்

வெளியடியில் தெளிந்த நீர் மெல்லக் கசிந்தால் அடையாளத் தடி நட்டு, மணிக்கொரு முறை பாருங்கள். நீர் கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது. துளையின் வாயை மட்டும் அடைத்தால் நீர் வேறு வழி தேடும். அதைச் சுற்றி மண்மூட்டையால் வட்டமாகக் கட்டி உள்ளே நீர் தேங்கி உயர விடுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள மட்ட வித்தியாசம் குறைய, அரிப்பும் தணியும். மூட்டை பாதிக்குச் சற்று மேல் நிரம்பினால் போதும், நிறைத்துக் கட்டியவை ஒன்றோடொன்று படியாது. வாயைக் கீழே மடித்து, செங்கல் வைப்பதுபோல் மூட்டு மாற்றி அடுக்குங்கள். துருசு முழுதும் திறந்திருக்கட்டும், வானில் கிடக்கும் மூட்டையும் குப்பையும் போகட்டும். கட்டை வேறெங்கும் வெட்டி நீர் விடவேண்டாம், வெட்டிய வாயை நீர் தன் பாட்டில் அகலமாக்கிவிடும். கீழுள்ள வீட்டுக்காரரை எழுப்பிவிட்டு, கிராம அலுவலருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அழையுங்கள். குளத்தின் பெயரையும் அருகிலுள்ள சந்தியையும் முதலிலேயே சொல்லுங்கள்.