குளிரில் வியர்க்கும் கார்

பிரிட்டனில் எம்ஜிபி, மோரிஸ் மைனர் மாதிரியான பழைய கார்களை வைத்திருப்பவர்கள் பலர், அக்டோபர் முடிந்ததும் வண்டியை ஷெட்டில் விட்டுப் பூட்டிவிடுவார்கள். இனி மார்ச்சில்தான் எடுப்பார்கள். ஏன் என்று கேட்டால் 'குளிர்' என்பார்கள். உண்மையில் இரும்புக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. அதை அரிப்பது ஈரம்.

20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. நாலைந்து நாள் உறைபனி கொட்டியபின் அட்லாண்டிக் பக்கமிருந்து ஈரக்காற்று வீசுகிறது என்று வையுங்கள். காற்று சில மணி நேரத்தில் மிதமாகிவிடும். கனத்த எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலைப் போல அது வியர்க்கத் தொடங்கும். இந்த நிலையில் காரை பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்க மூடினால், தரையிலிருந்து எழும் ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். காற்று புகும் துணி உறைதான் சரி.

போதாததற்கு, பனிக்காலத்தில் அங்கே சாலையில் உப்பு தூவுகிறார்கள். மழைநாளில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிந்துபோவது நினைவிருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. உப்புநீரோ மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மட்கார்டின் அடியில் ஒட்டிய ஒரு கைப்பிடிச் சேறு, மழையே படாத ஷெட்டுக்குள்ளும் தகரத்தைத் தின்றுகொண்டிருக்கும். பாலிஷ் போடுவதைவிட, அடிப்பாகத்தைக் கழுவிக் காயவிடுவதே முக்கியம்.

அப்புறம், நல்ல எண்ணத்தோடு செய்யும் ஒரு தப்பு உண்டு. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய வண்டியில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். பத்து நிமிடத்தில் சைலன்சர் முழுதும் சூடேறாது. அதனால் தண்ணீர் உள்ளேயே தேங்கி அதை அரிக்கும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும் சோக்கை இழுத்திருக்கும்போது, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு இறங்கி, எஞ்சின் ஆயிலோடு கலக்கும். ஓட்டுவதென்றால் உப்பில்லாத, காய்ந்த சாலையில் அரை மணிக்கு மேல் ஓட்டுங்கள். முடியாதென்றால் தொடவே வேண்டாம். பழைய ஆயிலில் அமிலமும் இருக்கும் என்பதால், நிறுத்துவதற்கு முன்பே அதை மாற்றிவிடுவது நல்லது.

பெட்ரோலிலும் ஈரம் புகுந்துவிட்டது. 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை. பழைய டேங்குகள் வெளிக்காற்றை உள்ளே இழுப்பவை. சேரும் தண்ணீர் ஓர் அளவை மீறினால், எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் படியும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். எத்தனால் குறைவான பெட்ரோலை விளிம்புவரை நிரப்பி வைத்தால், ஈரக்காற்றுக்கு உள்ளே இடமே இருக்காது.

குளிருக்கு நிஜமாகவே பயப்பட வேண்டியவற்றில் பேட்டரி ஒன்று. சார்ஜ் இறங்க இறங்க அதிலுள்ள அமிலம் நீர்த்துக்கொண்டே போகிறது. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி பிரிட்டன் காணும் எந்தக் குளிரிலும் உறையாது. முற்றிலும் காலியானதோ சுமார் மைனஸ் 7 டிகிரியிலேயே உறைந்து வெடிப்பு விடலாம். கழற்றி உள்ளே வைத்துக்கொண்டு, அவ்வப்போது சார்ஜ் ஏற்றினால் போதும்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைக்காதீர்கள், பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். எலி நுழையாமலிருக்க சிலர் புகைக்குழாயில் துணியை அடைத்து வைப்பார்கள். அடைத்தவர்கள் ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டும் கட்டி வைப்பார்கள், மார்ச்சில் மறந்துபோய் ஸ்டார்ட் செய்துவிடாமல் இருக்க.