புழு உள்ளே, மருந்து வெளியே

போன கிழமை தெஹிவளையில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஆறு பேர்ச் காணி, மதிலோரம் ஒரு கொய்யா, ஒரு மா. காய்க்குள் புழு என்று, லேபல் இல்லாத சோடாப் போத்தலில் யாரோ ஊற்றிக் கொடுத்த மருந்தை இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பிள்ளைகள் அதே கொய்யாவைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். புழுவும் சுகமாகத்தான் இருக்கிறது.

தயவுசெய்து ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். பழ ஈ தோலைக் குத்தி, உள்ளேதான் முட்டையிடுகிறது. நீங்கள் புழுவைக் காணும்போது அது சதைக்குள் இருக்கிறது. மேலே அடிக்கிற மருந்து தோலில் நிற்கும், பக்கத்து வீட்டுக் குசினி ஜன்னலில் படியும், கொடியில் காயும் உடுப்பில் படியும். புழுவிடம் போகாது. "இதைவிடக் கடுமையான மருந்து இல்லையா சேர்?" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். "போன முறை அடிக்கக் குறைந்ததே" என்பார்கள். காய் முடிந்தது, புழுவும் குறைந்தது, அவ்வளவுதான்.

சரி, ஈ எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உங்கள் மரத்தடியிலிருந்தே. விழுந்த பழத்தை விட்டுப் புழு மண்ணுக்குள் இறங்கி, கூட்டுப்புழுவாகி, கொஞ்ச நாளில் ஈயாக மேலே வரும். ஆகவே விழுந்ததை அன்றன்றே பொறுக்குங்கள். கறுப்புப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் சில நாள் போடுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். கொம்போஸ்ட் தொட்டியில் போட்டால் அது ஈப் பண்ணை. மதிலுக்கு மேலால் அடுத்த வளவுக்கு எறிகிறவர்களே, ஈ திரும்பி வர கேற் திறந்துவிடத் தேவையில்லை.

மரத்தில் நிற்கும் காய்களுக்கு உறை போடுங்கள். கொய்யாவுக்குத் தேசிக்காயளவில், மாங்காய்க்கு முட்டையளவில். கொழும்பு மழைக்குப் பத்திரிகைத் தாள் தாங்காது, தடித்த கடதாசியோ துணிப் பையோ நல்லது. எட்டாத உச்சிக் காயை அணிலுக்கு விடுங்கள். பறித்து முடிந்ததும் கிளைகளை வெட்டி மரத்தைக் குட்டையாக்குங்கள்.

கடையில் விற்கிற மெதைல் இயூஜினோல் பொறி, அதாவது மணத்தால் ஈயை இழுத்துப் பிடிக்கிற பொறி, ஆண் ஈக்களைத்தான் இழுக்கும். முட்டையிடுவது பெண். அதனால் பொறியை மட்டும் தொங்கவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பொறிக்குள் மழைத்தண்ணீர் தேங்கினால் நுளம்பு வேறு, அப்புறம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து டெங்குக்கு எழுதிவிட்டுப் போவார்.

பப்பாசியில் வெள்ளையாகப் பஞ்சு போல அப்புவது வேறு பூச்சி. 2008இல் இங்கே பரவியபோது அதை அடக்கியது, அடுத்த வருடம் கொண்டுவந்து விட்ட ஒரு குட்டிக் குளவி. கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். இலையின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரால் பலமாக அடியுங்கள், மோசமான இலைகளை வெட்டி அகற்றுங்கள்.

அதற்கும் மேலே மருந்து வேண்டும் என்றால், முதலில் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுத்துக் கேளுங்கள். லேபல் உள்ள போத்தலை மட்டும் வாங்குங்கள், அடித்தபின் எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று அதிலேயே இருக்கும். சோடாப் போத்தலில் இருப்பதைப் பிள்ளைகள் சோடா என்றுதான் நினைப்பார்கள் அம்மா, இன்றைக்கே அதை வீட்டை விட்டு அகற்றுங்கள். கானுக்குள் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.