அப்பா கட்சி மாறிவிட்டாரா?

“வயசானா எல்லாரும் பழமைவாதிதான்.” முதியோர் நல ஆலோசனைக்கு வரும் பிள்ளைகள் அலுப்போடு சொல்லும் வாக்கியம் இது. பெரும்பாலும் தவறு.

அமெரிக்காவின் பென்னிங்டன் கல்லூரி 1930களில் பெண்களுக்கு மட்டுமானது. படித்தவர்களில் பலர் வசதியான, பழமைவாதச் சாய்வுள்ள குடியரசுக் கட்சிக் குடும்பத்துப் பிள்ளைகள். சமூக உளவியலாளர் தியோடர் நியூகோம் அவர்களுடைய கருத்துகளைத் தொடர்ந்து பதிவு செய்தார். 1936 அதிபர் தேர்தலில் முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் பேர் அக்கட்சி வேட்பாளர் லாண்டன் பக்கம். மேல் வகுப்புகளில் வெறும் 15. அதே பெண்களை 1960களின் தொடக்கத்திலும், அறுபதைத் தாண்டிய பிறகு 1984இலும் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். பெரும்பாலோர் கல்லூரியில் எடுத்த நிலையை விடவில்லை. காரணம் வைராக்கியம் மட்டுமல்ல. கணவரும் நண்பர்களும் அதே கருத்துக்காரர்களாக அமைந்திருந்தார்கள்.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது கல்லூரியில் இருந்தவர் இன்று எண்பதை ஒட்டியவர். அவருடைய மொழிப்பற்று மூப்பில் வந்ததல்ல, அந்தப் பதினெட்டு வயதில் வந்தது. சில சமயம் மனிதர் நின்ற இடத்திலேயே நிற்பார், ஊர் நகர்ந்திருக்கும். “பொண்ணு படிக்கட்டும், மாப்பிள்ளை நாங்க பார்ப்போம்” என்பது 1970இல் முற்போக்கு. பேத்திக்கு அது கட்டுப்பெட்டித்தனம்.

அப்பா உண்மையிலேயே மாறினாரா என்று பார்க்க, கட்சிப் பெயரை விடுங்கள். இட ஒதுக்கீடு, மொழி, சாதி மறுப்புத் திருமணம், இலவசங்கள், மதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றில் மாறியிருப்பார், நான்கில் அப்படியே இருப்பார். “அப்ப என்ன நினைச்சீங்க?” என்று அவரிடமே கேட்டால் ஏமாறுவீர்கள்: இன்றைய கருத்தையே அன்றும் வைத்திருந்ததாக நினைவு சொல்லும், இது எல்லா வயதினருக்கும் உண்டு. அவருடைய தம்பியை, பழைய அலுவலக நண்பரைக் கேளுங்கள்.

வாட்ஸ்அப் மேல் பழி போடும் முன் ஒரு கணக்கு. 2016 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் 65 வயதைத் தாண்டியவர்கள் பேஸ்புக்கில் இளையோரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு பொய்ச்செய்தி பகிர்ந்தார்கள். ஆனால் அந்த வயதினரிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் அப்படிப் பகிர்ந்தது.

கவலைப்பட வேண்டியது வேறு. சில மாதங்களுக்குள் கொள்கை தலைகீழாகி, கூடவே கூச்சம் போய், இனிப்பு மேல் அடங்காத ஆசை வந்து, வீட்டில் யார் அழுதாலும் கண்டுகொள்ளாமல், பணத்தை வாரி இறைத்தால் அது மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோயாக இருக்கலாம். 45 முதல் 65 வயதுக்குள்ளேயே தொடங்கக்கூடியது. பெயர்தான் மறதிநோயே தவிர, ஆரம்பத்தில் நினைவாற்றல் நன்றாகவே இருக்கும். வழக்கமான ஞாபகச் சோதனையில் தேறிவிடுவார், வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். கருத்து மாற்றம் மட்டும் இருந்தால் அது நோயல்ல. மற்றவையும் சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். எது எந்த மாதம் தொடங்கியது என்று எழுதி, வங்கிப் பாஸ்புக்கோடு எடுத்துப் போங்கள். வீட்டில் ஒருவர் மருத்துவரிடம் தனியாகவும் பேச வேண்டும்: “எனக்கு ஒண்ணுமில்ல” என்றுதான் அவர் சொல்வார், மனதார நம்பித்தான் சொல்வார்.