சர்வே: நில அளவையா, கணக்கெடுப்பா?

சர்வே என்ற சொல்லுக்கு வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘சூப்பர்’ என்றால் மேல், ‘விதேரே’ என்றால் பார்த்தல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்தது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘மேற்பார்வை’. ஆனால் தமிழில் அது வேலை வாங்குகிறவரின் சொல்லாகிவிட்டது. சூப்பர்வைசருக்கும் அதே வேர்தான் என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டுக்குள் இந்தச் சொல் நுழைந்தது நிலத்தோடு. 1794-ல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. 1802-ல் பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன், நாட்டை அளக்க முதலில் தேவைப்படும் அடிப்படைக் கோட்டை (பேஸ்லைன்) அளந்தார். அப்புறம் சர்வே நம்பர், சர்வே கல், சர்வேயர் என்று ஊரெல்லாம் பரவியது. அளப்பது நமக்குப் புதிதில்லை. ராஜராஜன் காலத்தில் நிலம் அளந்த அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்றே பட்டம் இருந்தது. அதனால் நிலத்துக்கு நில அளவை, சர்வேயருக்கு நில அளவர், சர்வே நம்பருக்குப் புல எண். அரசு ஆவணங்களிலேயே இருக்கிற சொற்கள்தான், தயங்காமல் எழுதலாம்.

சிக்கல் எங்களைப் போன்ற சமூக ஆய்வுக்காரர்களுக்குத்தான். ஊருக்குள் போய் ‘சர்வே எடுக்க வந்திருக்கிறோம்’ என்றால் ‘எந்தப் பக்கம் அளக்கப் போறீங்க?’ என்றுதான் கேட்பார்கள். ஒரு பாட்டி மஞ்சள் பையைக் கொண்டுவந்து திண்ணையில் கவிழ்த்தார். பட்டா நகல், சிட்டா, ரேஷன் அட்டை, வரப்புத் தகராறில் கொடுத்த மனுவின் ரசீது. நாங்கள் கேட்கப் போனது வீட்டில் யார் யார் வேலைக்குப் போகிறார்கள் என்பதை. அவர் சொல்ல நினைத்தது உட்பிரிவு ஆகாமல் கிடக்கும் 2 சென்ட்டைப் பற்றி. சொந்தக்காரர் கல்யாணத்திலும் இதே கதைதான். ‘சர்வே வேலை’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ‘ஒரு பட்டா மாத்தணுமே மாப்ளே’ என்று ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இத்தனைக்கும் சமூக சர்வேயும் இங்கே நூறு வயது கடந்ததுதான். லண்டனில் சார்லஸ் பூத் 1886-ல் தொடங்கி, தெருத் தெருவாக வறுமையைக் கணக்கெடுத்து வரைபடத்தில் வண்ணம் தீட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களைக் கிராமங்களைப் பற்றி எழுத வைத்தார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம் எல்லாம் அந்தத் தொகுப்பில் வந்த ஊர்கள். 1930-களில் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய் ஆராய்ந்தார்கள். ஆனால் அதெல்லாம் ஆங்கிலப் புத்தகமாகவே நின்றுவிட்டது. ஊரார் காதில் விழுந்தது நிலம் அளக்கிற சங்கிலியின் சத்தம் மட்டும்.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘ஆய்வு’ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கலெக்டர் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் ஆய்வு, முனைவர் பட்டத்துக்கும் ஆய்வு, காவல் நிலையத்தில் இருப்பவரும் ஆய்வாளர். ‘கருத்துக்கணிப்பு’ தேர்தலுக்குச் சரி. ஆனால் ஒரு குடும்பம் அரிசிக்கு என்ன செலவழிக்கிறது என்பது கருத்தில்லையே. ‘கணக்கெடுப்பு’தான் மக்கள் வாயில் இருக்கிற சொல். அது சென்சஸுக்கும் போகிறது என்பது உண்மை. எல்லோரையும் எண்ணுவது சென்சஸ், சிலரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பது சர்வே. அந்த இடத்தில் ‘மாதிரி’யைச் சேர்த்துக்கொண்டால் போதும். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் முயற்சியில் 1950-ல் தொடங்கியதைத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு என்றுதான் தமிழில் எழுதுகிறோம்.

அந்தக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பதற்கு ஒரு வரையறை உண்டு: வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். கேள்வித்தாளில் இதை நீட்டி எழுதியிருப்பார்கள். வாசலில் நின்று ‘உங்களுக்கு ஒரே உலையா, தனி உலையா?’ என்று கேட்டால் உடனே பதில் வந்துவிடும். சில வீடுகளில் மாமியார் ஒன்று சொல்வார், மருமகள் வேறு சொல்வார். அதற்குக் கேள்வித்தாளில் கட்டம் கிடையாது.

‘கணக்கெடுப்பு’ என்று சொல்வதிலும் ஒரு தொல்லை உண்டு. நிலத்தை விட்டுவிட்டு, ‘உரிமைத் தொகைக்கா எழுதுறீங்க, எங்க பேரு விட்டுப்போச்சு’ என்று பேச்சு ஆரம்பிக்கும். ‘இல்லைம்மா, கல்லூரியிலிருந்து வந்திருக்கிறோம், பணம் எதுவும் வராது’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதிப் பேர் அதற்குப் பிறகும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறார்கள்.