ராவிலே ஒரு மாத்திரை

பாலக்காட்டில் காது, பேச்சுப் பரிசோதனை செய்வது என் தொழில். போன மழைக்காலத்தில் ஒரு மகள் தன் அம்மாவைக் கூட்டி வந்தார். அம்மாவுக்கு 68 வயது. கணவர் தவறியபின் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மகள் வீட்டோடு வந்துவிட்டவர்.

"அம்மாவுக்கு ஞாபகம் குறையுதுங்க மேடம். மலையாளத்துல எதைச் சொன்னாலும் ஏற மாட்டேங்குது" என்றார் மகள்.

நடந்தது இதுதான். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எழுதியிருந்தார்கள். மெடிக்கல் ஷாப்பில் "ராவிலே ஒண்ணு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவும் சொன்னபடியே தினமும் ராத்திரி போட்டிருக்கிறார். பத்து நாள் தூக்கமில்லாமல் பாத்ரூமுக்கு நடந்திருக்கிறார். மலையாளத்தில் ராவிலே என்றால் காலையில்.

மறதி இருக்கிறதா என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். எந்த மாடு எப்போது கன்று போட்டது, சொசைட்டியில் பால் என்ன விலைக்குப் போனது என்று வரிசையாகச் சொன்னார். ஞாபகத்தில் குறை எதுவும் தெரியவில்லை. காதைச் சோதித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கனத்த ஒலிகள் நன்றாகவே கேட்டன. ஒலியின் சுருதி 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும், கேட்கும் திறனைக் காட்டும் கோடு சரிந்துகொண்டே போனது. வயதானால் பலருக்கும் இப்படித்தான். அ, ஆ, ஓ எல்லாம் கேட்கும். ச, ஸ, த மாதிரி மெல்லிய ஒலிகள் நழுவிப்போகும்.

தாய்மொழியில் இது வெளியே தெரியாது. பாதிதான் காதில் விழுந்தாலும் மீதியை மனசு இட்டு நிரப்பிக்கொள்ளும். அறுபது வருஷப் பழக்கம் அது. புது மொழியில் நிரப்பக் கையிருப்பு ஏது? கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழே போதும், அங்கே இருந்திருந்தால் இந்தக் குறை இன்னும் சில வருஷம் மறைந்தே இருந்திருக்கும்.

ஆக, அம்மாவுக்குச் சிக்கல் இரண்டு. ஒன்று காது. இன்னொன்று, நம் சொல் போலவே இருந்து வேறு பொருள் தரும் சொற்கள். "பனி உண்டோ?" என்றால் காய்ச்சலா என்று கேட்கிறார்கள். "மூணு திவசம் மருந்து கழிக்கணும்" என்றால் மூன்று நாள் மருந்து சாப்பிட வேண்டும். கணவரை இழந்து ஒரு வருஷம்கூட ஆகாத அம்மாவுக்கு அந்தத் திவசம் என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும்!

"இந்த வயசுல இனி எங்க ஏறப் போகுதுங்க அம்மிணி" என்றார். ஏறும். புதுச் சொல் பதிய நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். காது மிஷின் பொருத்தி, அது பழக ஒரு மாதம் விட்டோம். அப்புறம் ஆஸ்பத்திரிச் சொற்கள் பத்து. காலையில் சொன்ன சொல்லைச் சாயங்காலம் கேட்க வேண்டும், இரண்டு நாள் விட்டு மறுபடி, ஒரு வாரம் விட்டு மறுபடி. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முகம் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும். மாத்திரை அட்டையில் காலை, இரவு என்று தமிழில் எழுதி ஒட்டச் சொன்னேன். பேத்தியிடம் தனியாக ஒன்று சொன்னேன்: பாட்டி தப்பாகச் சொன்னால் சிரிக்காதே கண்ணு. ஒருமுறை சிரித்ததில்தான் அவர் வாய் திறப்பதையே நிறுத்தியிருந்தார்.

புது மொழி படித்தால் மறதி நோய் வராது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2013இல் ஐதராபாத் நிம்ஸ் மருத்துவர்கள் 648 மறதி நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருஷம் பிந்தித் தொடங்கியிருந்தது. ஆனால் அது ஏற்கெனவே இரு மொழி பேசி வந்தவர்களைப் பற்றிய கணக்கு. அதை வைத்து 68 வயதில் தொடங்குபவருக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தன் மருந்தைத் தானே கேட்டு வாங்கத் தெரிவது எனக்குப் போதுமான காரணம்.

முதியவர் புது ஊரில் பேச்சைக் குறைத்துக்கொண்டால், மறதி என்று நீங்களே முடிவு கட்டாமல் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வலியில்லாத சோதனை, அரை மணி நேர வேலை.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். வழியில் மருந்து வாங்கியிருந்தார். கடைக்காரர் பையைக் கொடுத்ததும், "ராவிலேயோ, ராத்திரியோ?" என்று கேட்டாராம். என்னிடமும் அப்படியே சொல்லிக் காட்டினார், ஓர் எழுத்தும் பிசகாமல்.