மூடியிட்ட குழியும் 3000 ஹெர்ட்ஸும்

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபரா (பாடியே நடிக்கும் இசைநாடகம்) ஒன்றின் பழைய நேரடிப் பதிவை முதன்முதலில் கைபேசியின் ஒலிபெருக்கியில்தான் கேட்டேன். கால் நிமிடத்துக்குச் சத்தமே இல்லை. கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து மூடிவிட்டேன். சில நாள் கழித்து ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டபோதுதான் தவறு யாருடையது என்று தெரிந்தது. முதலில் நாடாவின் மெல்லிய ‘ஸ்ஸ்’. அதற்குப் பின்னால், ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அரங்கின் அரவம். அதற்கும் அடியில், எப்போது தொடங்கியது என்றே சொல்ல முடியாத ஒரு முனகல்.

1955ஆம் ஆண்டு கோடைக்காலம். ஜெர்மனியின் பைராய்ட் நகரம். வாக்னரின் ‘நிபெலுங்கனின் மோதிரம்’ என்ற நான்கு ஓபராக்களின் தொடரை இசை நடத்துநர் யோசஃப் கைல்பெர்ட் நடத்த, டெக்கா நிறுவனம் மேடையிலிருந்து நேரடியாக ஸ்டீரியோவில் பதிவு செய்தது. நான்கும் ஸ்டீரியோவில் பதிவானது அதுவே முதல் முறை. பிறகு அதே நிறுவனம் ஸ்டூடியோவில் வேறொரு ‘மோதிர’த்தைப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிப் பெயர் வாங்கிக்கொண்டது. பைராய்ட் நாடாக்களோ அரை நூற்றாண்டு கிடங்கில் தூங்கின. 2006இல்தான் டெஸ்டமென்ட் நிறுவனம் அவற்றை வெளியே கொண்டுவந்தது.

அந்த முனகலுக்கு வருவோம். வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியமான டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி வழக்கமாக 41 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 41 முறை, அதிரும். முதல் ஓபராவின் தொடக்கத்துக்கு அதுகூட வாக்னருக்குப் போதவில்லை. சில வாத்தியங்களில் தந்தியை அரைச் சுரம் தளர்த்தி, 39 ஹெர்ட்ஸுக்கு இறக்கச் சொன்னார். கைபேசியின் விரல்நக அளவு ஒலிபெருக்கியால் அவ்வளவு மெதுவான அதிர்வுக்குக் காற்றைத் தள்ள முடியாது. நடுத்தர ஒலிபெருக்கிகளும் 39 ஹெர்ட்ஸில் திணறுபவைதான். ஆனால் அவற்றில் நமக்கு அந்தச் சுரம் கேட்கிறது. 78, 117, 156 என்று அதன் மடங்குகள் காதை எட்டினால் போதும், இவற்றுக்கெல்லாம் பொதுவான அடித்தளம் 39 என்று மூளை கணக்குப்போட்டு, வராத சுரத்தையும் வந்ததாகவே கேட்டுக்கொள்கிறது. எட்டு ஹார்ன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஏறிப்போகும் மெட்டும் இதே மடங்குகளின் வரிசைதான். 136 தாளவட்டங்கள் வரை இசை அந்த ஒரே சுரக்கட்டைவிட்டு நகருவதில்லை. ரைன் நதி உருவாகிறது என்பது கதை. இயற்பியல்படி பார்த்தால், ஒரு தந்திக்குள் ஏற்கெனவே இருப்பதை வாக்னர் எடுத்து விரித்துக் காட்டுகிறார்.

பைராய்டுக்கே உரிய விஷயம் இனிமேல்தான். 1876இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் இசைக்குழு பார்வையாளர் கண்ணில் படாது. மேடைக்கு அடியில் படிப்படியாக இறங்கும் குழி. அதன்மேல் வளைந்த மூடி. வயலின்கள் மேல்படியில், டிரம்பெட், டிரோம்போன் போன்ற முரட்டு வாத்தியங்கள் அடிமட்டத்தில், மேடைப் பலகைக்குக் கீழே. நூறு பேருக்குமேல் வாசிக்கும் அந்தப் புழுக்கத்தில் கோட்டைக் கழற்றிவிட்டு வாசிப்பார்களாம். பார்க்கத்தான் ஆளில்லையே.

அந்த மூடி எல்லா ஒலியையும் ஒரேபோல் நடத்துவதில்லை. 39 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு மூடி ஒரு பொருட்டே அல்ல; வளைந்து சுற்றிக்கொண்டு வந்துவிடும். 3000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அலைநீளம் பதினோரு சென்டிமீட்டர்தான். அது வளையத் தெரியாமல் மூடியில் மோதி, மேடைப் பக்கம் திரும்பி, தன் கூர்மையைப் பாதி இழந்த பிறகே நாற்காலிகளுக்கு வருகிறது. ஆகவே பைராய்டில் இசைக்குழுவின் ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் வட்டமாக, இன்ன திசை என்று இல்லாமல் வருகிறது. பதிவில் இதைக் கேட்டு ‘மங்கலாக இருக்கிறது’ என்று குறைப்படுபவர்கள் உண்டு. மங்கல் கட்டடத்துடையது, நாடாவின் மேல் பழி போடக்கூடாது.

மைக் இல்லாமல் ஒரு மனிதக் குரல் நூறு வாத்தியங்களை மீறுவது எப்படி என்பதற்கும் விடை அதே 3000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. ஸ்வீடனின் குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் இதை அளந்து விளக்கினார். இசைக்குழுவின் ஆற்றல் 500 ஹெர்ட்ஸை ஒட்டி உச்சத்தில் இருக்கும். அதற்குமேல் சரசரவென்று சரியும். பயின்ற ஓபராப் பாடகர் குரல்வளையைத் தாழ்த்தித் தொண்டையை அகட்டும்போது, குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் குறுகிய குழாய் தனியாக ஒத்ததிரத் தொடங்குகிறது. விளைவு, 3000 ஹெர்ட்ஸ் அருகே குரலில் ஒரு மேடு. பாடகர் உரக்கக் கத்தி ஜெயிப்பதில்லை, காலியாக இருக்கும் பாதையில் நடந்துபோகிறார். போதாக்குறைக்கு நம் காதுத் துளையும் இரண்டரை சென்டிமீட்டர் குழாய்தான். அது ஒத்ததிருவதும் இதே வட்டாரத்தில். தேவர்களின் தலைவன் வோட்டனாகப் பாடும் ஹான்ஸ் ஹாட்டரின் கனத்த குரலில் ஒரு உலோக மினுமினுப்பு இருக்கிறதே, அது இந்த மேடுதான். இசைக்குழு எந்த இடத்தில் மெலிந்திருக்கிறதோ அதே இடத்தில் மூடி அதை மேலும் மெலிய வைக்கிறது. பாடகருக்கு முன்னால் மூடி ஏதும் இல்லை. (உச்சத்தில் பாடும் பெண்குரல்களுக்கு வழி வேறு: வாயை அகலத் திறந்து ஒத்ததிர்வைச் சுரத்தின் உயரத்துக்கே ஏற்றிக்கொள்வார்கள்.)

பழைய நாடாவுக்கும் சில விசித்திரங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது முன்னொலி. அமைதிக்குப் பிறகு பேரோசை வரும் இடங்களில், அந்த ஓசை வருவதற்கு ஒரு கணம் முன்பே அதன் ஆவி போல ஏதோ கேட்கும். சுருட்டி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தப்பதிவு, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கே தடித்த அடுத்த சுற்றிலும் இலேசாக ஒட்டிக்கொள்வதால் வரும் வினை இது. ஐம்பது ஆண்டு கிடங்கில் கிடந்தால் ஒட்டாமல் என்ன செய்யும்?

இரைச்சலைக் கணினியில் துடைத்துவிடலாமே என்பார்கள். துடைக்கலாம், கொஞ்சம். நாடாவின் ‘ஸ்ஸ்’ஸும் அரங்கின் எதிர்முழக்கம் தேய்ந்து மறையும் வாலும் ஏறக்குறைய ஒரே அளவு மெலிந்தவை. ஒன்றைத் துடைக்கும் துணி மற்றதையும் கொண்டுபோய்விடும். ஆட்கள் நிறைந்த பைராய்டில் அந்த வாலின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை விநாடி; கூட்டம் இல்லாவிட்டால் அது இன்னும் நீளும், ஏனென்றால் மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுபவை. ஒலியியலாளர்கள் இதை அளக்க பலூன் உடைப்பார்கள், துப்பாக்கி சுடுவார்கள். 1955இல் அந்த வேலையை இருமல்காரர்கள் இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

இன்னும் நல்ல கருவி ஒன்று உண்டு. மூன்றாவது ஓபராவில், கதாநாயகன் சீக்ஃபிரீட் உடைந்த வாளை உருக்கி அடிக்கும் காட்சி. அந்த வேடத்தில் வொல்ஃப்காங் விண்ட்காசன் பாடிக்கொண்டே சுத்தியலால் தட்டும்போது, ஒவ்வொரு அடியும் சுருக்கென்று தொடங்கி மரச்சுவர்களைத் தொட்டுத் திரும்பி அடங்குகிறது. வாத்தியங்கள் கீழே கம்பளிக்குள். சுத்தியலும் குரலும் மேலே வெட்டவெளியில். ஹெட்ஃபோனில் கேட்டால், மூடியின் விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று விரலால் காட்டிவிடலாம்போல் இருக்கிறது.