‘கூலி இல்லை’ என்று பைத்தான் சொன்னால், விட்டுப்போனது எடையாகவும் இருக்கலாம்

போடிநாயக்கனூரில் அக்கா வீட்டில் ஏலக்காய் வியாபாரம். இடுக்கி மலைத் தோட்டங்களிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கும் காயை வாங்கித் தரம் பிரித்து விற்கிறார்கள். அந்தக் கணக்குக்காக அக்கா மகள் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷன் (மதிப்புகளை வாங்கி வேலையை முடித்துத் தரும் நிரல்துண்டு) எழுதியிருந்தாள்: தொகை(எடை, விலை, கூலி). எடையை விலையால் பெருக்கி, சுமைகூலியைக் கழித்துச் சொல்லும். 2008-இல் பைத்தான் 3 வந்ததிலிருந்து இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

50 கிலோ காய், கிலோ 2,100 ரூபாய், கூலி 30. அவசரத்தில் எடையை விட்டுவிட்டு தொகை(2100, 30) என்று அழைத்திருக்கிறாள். ‘மிஸ்ஸிங் 1 ரிக்வயர்டு பொசிஷனல் ஆர்கியுமென்ட்: கூலி’ என்று பிழை வந்தது. அதாவது, தேவையான ஒரு மதிப்பு வரவில்லை, அது கூலி.

“கூலியைத்தான் கொடுத்திருக்கேனே மாமா!”

கொடுத்திருந்தாள்தான். ஆனால் பெயர் இல்லாமல் வரும் மதிப்புகளை பைத்தான் இடமிருந்து வலமாக வரிசையாக அமர்த்தும். 2100 எடையின் இடத்தில் உட்கார்ந்தது, 30 விலையின் இடத்துக்குப் போனது, கடைசி இடம் காலி. காலியாக நின்ற இடத்தின் பெயரைத்தான் பைத்தான் சொல்கிறது. நாம் எதை மறந்தோம் என்பது அதற்குத் தெரியாது. இந்தச் சரிபார்ப்பு ஃபங்ஷனுக்குள் இருக்கும் முதல் வரி ஓடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் தேட வேண்டிய இடம் ஃபங்ஷனின் உள்ளே இல்லை, அதை அழைத்த வரியில்.

பிழையை நம்பி அவள் கடைசியில் இன்னொரு 30 சேர்த்தாள். பிழை மறைந்தது, விடை 62,970 என்று வந்தது. சரியான தொகை 1,04,970. பிழைச் செய்தியைவிட இந்த அமைதிதான் ஆபத்தானது.

சரி, என்ன செய்யலாம்? பெயர் சொல்லி அழைக்க வேண்டும். தொகை(விலை=2100, கூலி=30) என்று எழுதிப் பார்க்கச் சொன்னேன். இப்போது வந்த பிழை, ‘எடை’ இல்லை என்று நேராகவே சொன்னது.

கிளாஸ், அதாவது பொருள்களை உருவாக்குவதற்கான வார்ப்பு, எழுதும்போதும் இதே கதைதான். மூட்டை என்ற கிளாஸில் தொகை(செல்ஃப், விலை) என்று ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செல்ஃப் என்பது அழைக்கும் பொருளுக்கான இடம். மூட்டை.தொகை(2100) என்றால் 2100 போய் செல்ஃப் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், ‘விலை’ இல்லை என்று பிழை வரும். முதலில் மூட்டை() என்று ஒரு பொருளை உருவாக்கி, அதன் வழியாக அழைத்தால் செல்ஃப் தானாக நிரம்பிவிடும்.

பிழை வராமலிருக்க எல்லாவற்றுக்கும் 0 என்று முன்மதிப்பு (எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு) வைக்கட்டுமா என்று கேட்டாள். கூலிக்கு வைக்கலாம், கூலி இல்லாத நாளும் உண்டு. எடைக்கு வைத்தால், மறந்த அன்றைக்குத் தொகை கழித்தல் 30 ரூபாய் என்று வந்து நிற்கும். கடைசியில், ஃபங்ஷனை எழுதிய வரியில் எடைக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் காற்புள்ளியும் சேர்த்தாள்: தொகை(*, எடை, விலை, கூலி). அதன்பின் பெயர் சொல்லாமல் அந்த ஃபங்ஷனை யாரும் அழைக்க முடியாது.